கரண்டை நிறுத்திய பிறகும் கேட்ட சத்தம்

வெள்ளவத்தை,
2024 ஆகஸ்ட் 4

அண்ணை,

போனை எடுக்காமல் இருக்கிறீர்கள். மெசேஜை வாசித்துவிட்டுப் பதில் போடாமலும் இருக்கிறீர்கள். றொசாந்தி மச்சாளிடம் கேட்டால், "அவருக்குக் கதைக்க விருப்பமில்லையாம் ஜெனிற்றா, நான் என்ன செய்யிறது?" என்று சொல்லி அழுகிறா. அதனால்தான் பேனையை எடுத்தேன். கடிதத்தையும் கிழித்துப் போட்டீர்களென்றால் நேரில் வந்து வாசலில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்பாவின் ஆண்டுப் பூசையன்று, தேவாலயத்தில் ஊர்ச் சனம் முழுக்க நிற்க, "அண்ணை, உங்கடை சவுண்ட் காதைக் கிழிக்குது" என்று நான் சொன்ன இடம் பிழை. சொன்ன விஷயம் பிழையில்லை. சுவாமியின் பிரசங்கம் ஊசி ஊசியாக வந்து விழுந்தது. முன் வாங்கிலிருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில் ஒன்றும் நடக்காதது போல நின்றீர்கள். எனக்கு அதுதான் இன்றுவரைக்கும் விளங்கவில்லை. குருநகரில் லெனாட்டின் ஸ்பீக்கர் என்றால் கடைசி வரிசையில் இருக்கிற கிழவிக்கும் பாட்டின் சொல் விளங்கும், கிட்ட இருக்கிற கைக்குழந்தையும் எழும்பாது. அப்படிப் பேரெடுத்த ஆள் நீங்கள்.

இப்போது சுபாசையும் துரத்திவிட்டீர்களாம். மச்சாளின் சொந்தத் தம்பி. தொழில் தொடங்கிய நாளிலிருந்து உங்களோடு நின்றவன். அவன் ஸ்பீக்கருக்குள் இருந்த நல்ல சாமானைக் கழற்றி விற்றுவிட்டுப் போலிச் சாமானைப் பூட்டிவிட்டான் என்று சொன்னீர்களாம். பார்த்தீர்களா? யாரும் பார்த்தார்களா?

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவள். சாமான் பழுதா இல்லையா என்பதைச் சண்டை பிடிக்காமலே கண்டுபிடிக்கலாம். என்ன நடக்கிறதென்று ஒழுங்காக எழுதுங்கள். கோபத்தையும் சேர்த்து எழுதினாலும் பரவாயில்லை.

உங்கள் தங்கச்சி
ஜெனிற்றா


குருநகர்,
2024 ஆகஸ்ட் 10

ஜெனிற்றா,

கிழிக்கவில்லை. வாசித்தேன். நீ வாசலில் வந்து நிற்கத் தேவையில்லை.

நீ படித்தவள்தான், கொழும்பில் பெரிய பெரிய பாட்டுக்காரருக்கு ஒலிப்பதிவு செய்கிறவள்தான். ஆனால் அப்பாவின் பூசையில், என் சனத்துக்கு முன்னால், என் தொழிலை நீ மிதித்தாய். அதை நான் மறக்கப்போவதில்லை. அதை எழுதியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சிஸ்டத்தில் ஒரு விசில் வருகிறது. மெல்லிய, கூரான விசில். பாட்டுப் போட்டாலும் வருகிறது, பாட்டு நின்றாலும் வருகிறது. அதோடு சத்தத்தில் ஒரு மந்தம். துணியைப் போட்டு மூடினது போல. பேசுகிறவரின் சொல் தெளிவாக வருவதில்லை. அதைத் தெளிவாக்கத்தான் ட்ரெபிளைக் கூட்டுகிறேன். கூட்டினால் உனக்குக் காது கிழிகிறது. கூட்டாவிட்டால் ஒரு சொல்லும் விளங்காது. நான் என்ன செய்ய?

இங்கே சவுண்ட் தொழில் செய்கிறவர்களுக்கு பேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. அதில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஒருவன் டிஜிட்டல் மிக்சரைத் தூக்கி எறி, பழைய மிக்சரில்தான் உயிர் இருக்கிறது என்கிறான். இன்னொருவன் வயர்தான் பிழை, தங்கமுலாம் பூசிய பிளக் போடு என்கிறான். சாவகச்சேரிக்காரன் ஒருவன் அம்பிளிபயர் என்கிறான். ஒருவரை ஒருவர் தாய் தகப்பன் வரைக்கும் இழுத்து ஏசினார்கள். நான் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். மிக்சர், வயர், அம்பிளிபயர் எல்லாம் மாற்றினேன். விசில் போகவில்லை. அப்போது மிச்சம் என்ன? ஸ்பீக்கர்தானே? ஸ்பீக்கர்ப் பெட்டி பூட்டிக் கிடக்கும் அறையின் திறப்பு என்னிடமும் சுபாசிடமும் மட்டும்தான் இருந்தது.

அவனைக் கேட்டேன். "விசில் கேக்குதா இல்லையா?" என்று.

"எனக்கு ஒரு விசிலும் கேக்கேல்லை, அத்தான்" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

இவ்வளவு பெரிய விசில். கேட்கவில்லையாம். களவு செய்யாதவன் ஏன் அப்படிப் பொய் சொல்லவேண்டும்? போ என்று சொன்னேன். போய்விட்டான். கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரி ஒருவருக்கு மூட்டை நிறுத்துக் கொடுக்கிறானாம். றொசாந்தி எனக்குச் சாப்பாடு போடுகிறாள், கதைக்கிறாளில்லை.

உனக்குத் தெரியுமென்றால் எந்தச் சாமான் பழுதென்று சொல்லு. றொசாந்திக்குப் போன் எடுத்து என்னைப்பற்றி விசாரிக்காதே.

லெனாட்


வெள்ளவத்தை,
2024 ஆகஸ்ட் 15

அண்ணை,

எழுதினதற்கு நன்றி. ஏசினதற்கும்.

பேஸ்புக்கில் சண்டை பிடித்தவர்களில் ஒருவராவது எதையாவது அளந்தார்களா? இல்லை. எல்லோரும் தங்கள் தங்கள் காதை வைத்துக்கொண்டு அடுத்தவனின் காதோடு சண்டை பிடிக்கிறார்கள். இங்கேயும் இதே கதைதான். எங்கள் கூடத்துக்கு வருகிற பெரிய ஆட்களும் ஒரு வயருக்காக அரை நாள் வாதாடுவார்கள். கண்ணை மூடச் சொல்லி, எந்த வயர் என்று சொல்லாமல் போட்டுக் காட்டினால் வாதாட்டம் நின்றுவிடும்.

இதனுடன் ஒரு பென்ட்ரைவ் வைத்திருக்கிறேன். உடைந்துவிடாமல் பஞ்சில் சுற்றியிருக்கிறேன்.

முதல் சத்தம் மழை இரைச்சல் போலக் கேட்கும். அடிக்கட்டைச் சத்தத்திலிருந்து மேலே கீச்சுச் சத்தம்வரை எல்லாம் சமமாக அதற்குள் இருக்கிறது. மிக்சரில் எல்லாத் திருகிகளையும் நடுவில் வைத்துவிட்டு அதைப் போடுங்கள். பத்தடி தள்ளி நின்று போனில் பாருங்கள். எந்த ஆப்பைப் போடவேண்டுமென்று இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அது ஒரு கோடு கீறிக் காட்டும். ஸ்பீக்கரில் போலிச் சாமான் பூட்டியிருந்தால் கோடு எங்கேயாவது பள்ளத்தில் விழும். அதைப் படம் பிடியுங்கள்.

பிறகு பெருநாளுக்கு எப்படி வைப்பீர்களோ அப்படி, உங்கள் காதுக்குச் சரியென்று படுகிற மாதிரித் திருகிகளை வையுங்கள். அதே சத்தத்தைத் திரும்பப் போட்டு இன்னொரு படம் எடுங்கள்.

அதே பென்ட்ரைவில் இரண்டாவது சத்தமும் இருக்கிறது. புல்லாங்குழல் போல ஒற்றை ஒற்றைச் சுரம். கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டு போகும். அதில் விசில் எந்த இடத்தில் வருகிறதென்று பார்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு ஏனோ மனம் சரியில்லை. என்னவென்று இப்போது எழுதமாட்டேன். அளந்து பார்த்துவிட்டுக் கதைப்போம்.

ஜெனிற்றா


குருநகர்,
2024 ஆகஸ்ட் 26

ஜெனிற்றா,

நீ சொன்னபடி செய்தேன். படங்களைச் சந்தியிலுள்ள கடையில் பிரின்ட் எடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். முதல் படத்தில் கோடு நேராகத்தான் கிடக்கிறது. இரண்டாவதில் வலது பக்கம் மதில் மாதிரி எழும்புகிறது. எனக்கு இதிலே ஒன்றும் விளங்கவில்லை. உன் ஆப்பும் சரியோ பிழையோ தெரியாது.

நீ அனுப்பிய சுரம் பழுது. கீழ்ச் சுரங்கள் நன்றாக இருக்கின்றன. பாதிக்கு மேலே ஒன்றும் பதியவில்லை. வெறும் அமைதி. வடிவாகக் கேட்கவேண்டுமென்று சத்தத்தைக் கூட்டியும் பார்த்தேன். இல்லை. கொழும்புக்காரியும் சிலவேளை பிழை விடுவாள்போல.

நீ என்னவோ மனம் சரியில்லை என்று எழுதினாய். அப்படி அரைகுறையாக எழுதாதே. இரவில் நித்திரை வருவதில்லை.

லெனாட்


வெள்ளவத்தை,
2024 ஆகஸ்ட் 30

அண்ணை,

சுரம் பழுதில்லை. திரும்பத் திரும்பச் சோதித்தேன். என்னோடு வேலை செய்கிற கீர்த்திகாவையும் கேட்கச் சொன்னேன். கடைசிச் சுரம்வரை இருக்கிறது என்றாள்.

முதல் படம் சொல்வது இதுதான்: உங்கள் ஸ்பீக்கருக்கு ஒரு குறையுமில்லை. சுபாஸ் அதில் ஒன்றையும் கழற்றவுமில்லை, பூட்டவுமில்லை. மிக்சர், வயர், அம்பிளிபயர் எல்லாம் நல்லாயிருக்கின்றன. இரண்டாவது படத்தில் தெரிகிற மதிலை எழுப்பியது நீங்கள். உங்கள் கை. உங்கள் காதுக்குச் சரியென்று பட்டது அது.

நீங்கள் சத்தத்தைக் கூட்டி அந்தச் சுரத்தைப் போட்டபோது வீட்டில் யார் நின்றார்கள்? அவர்கள் என்ன செய்தார்கள்? அதை மட்டும் எழுதுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜெனிற்றா


குருநகர்,
2024 செப்ரெம்பர் 13

ஜெனிற்றா,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத மேசையில் இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன். இன்று எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன்.

அன்றைக்குப் பின்னேரம் முற்றத்தில் பெட்டியை வைத்துத்தான் போட்டேன். கீழ்ச் சுரங்கள் வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. கூட்டினேன். இல்லை. இன்னும் கூட்டினேன். அப்போது றொசாந்தி குசினிக்குள்ளிருந்து இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். வாய் அசைகிறது, அழுகிறாள். பக்கத்து வீட்டு நாய் வேலியில் காலைப் போட்டு, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மதிலுக்கு மேலால் மற்றப் பக்கத்து வீட்டுப் பெட்டை தலையை நீட்டிக் கையை ஆட்டுகிறாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஜெனிற்றா. எல்லோரும் எதற்கோ பயந்து ஓடுகிறார்கள், நான் மட்டும் அமைதிக்குள் நிற்கிறேன். சின்ன வயதில், சண்டைக் காலத்தில், குண்டு போடப் பொம்பர் வரும்போது மற்றவர்களுக்கு முதல் எனக்குத்தான் கேட்கும். நான்தான் உன்னைப் பிடித்துக்கொண்டு பங்கருக்குள் பாய்வேன். அந்தக் காது இது.

றொசாந்தி வயரை இழுத்துப் பிடுங்கினாள். "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ எண்டு கத்துறன், உங்களுக்கு என்னப்பா பிடிச்சிருக்கு?"

அப்போது அந்த விசில் கேட்டது. கரண்ட் இல்லை. பெட்டி செத்துக் கிடக்கிறது. விசில் மட்டும் அப்படியே கேட்கிறது. நான் வீட்டுக்குள் போனேன். விசிலும் வந்தது. கடற்கரைக்குப் போனேன். அங்கேயும் வந்தது. அது சிஸ்டத்தில் இல்லை. என் தலைக்குள் இருக்கிறது.

அதை உனக்கு எழுதாமல், சுரம் பழுது என்று பொய் எழுதினேன்.

பிறகு போன செவ்வாய்க்கிழமை நடந்ததையும் சொல்லுகிறேன். தெல்லிப்பழையில் ஒரு கோயில் திருவிழாவுக்குச் சவுண்ட் கேட்டிருந்தார்கள். இடம் பார்க்க மோட்டார் சைக்கிளில் போனோம். றொசாந்தி பின்னால் இருந்தாள். வழியில் கேற் இல்லாத ரயில் கடவை ஒன்று. ஒரு பக்கம் பனங்கூடல் மறைப்பு. நான் வழமைபோலப் போனேன். முதுகில் அடி விழுந்தது. பிறகு என் சேட்டுக் கொலரைப் பிடித்து ஒரு இழுவை. இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளோடு கிறவல் கல்லில் விழுந்தோம். விழுந்த பிறகுதான் ரயிலைக் கண்டேன். முகத்துக்கு முன்னால் பெட்டி பெட்டியாகப் போகிறது. கோர்ன் அடித்துக்கொண்டே வந்ததாம். ஊர் முழுக்கக் கேட்டதாம்.

றொசாந்தியின் முழங்கை பிய்ந்துவிட்டது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கேல்லை என்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை" என்று சொன்னேன். முதன்முதலாக ஒரு ஆளுக்குச் சொன்னேன். இப்போது உனக்கு.

உன் போனை எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. உன் குரல் போனில் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வருகிறது. என்ன சொல்கிறாய் என்று பிடிக்க முடிவதில்லை. எழுதினால் வாசிக்கலாம்.

யாருக்கும் சொல்லாதே. செவிடன் சவுண்ட் போடுகிறான் என்று கேள்விப்பட்டால் இந்தக் கரையில் எவன் என்னைக் கூப்பிடுவான்? எனக்கு விசர் பிடிக்கிறதா, ஜெனிற்றா? தலைக்குள் சத்தம் கேட்பது பைத்தியத்துக்குத்தானே?

லெனாட்


வெள்ளவத்தை,
2024 செப்ரெம்பர் 16

அண்ணை,

விசர் இல்லை. இதைத்தான் முதலில் வாசிக்கவேண்டும் என்று மேலே எழுதுகிறேன். விசர் இல்லை.

காதுக்குள் மிக நுண்ணிய மயிர்போன்ற நரம்பு முனைகள் இருக்கின்றன. கூடின சத்தத்துக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நிற்கிறவர்களுக்கு அவை அழிந்துவிடும். மேல் சுரத்தைக் கேட்கிறவைதான் முதலில் போகும். அவை போனபிறகு மூளை இல்லாத சத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதுதான் விசில். பேச்சில் ச, த, ப எல்லாம் மங்கிப்போகும். ஆட்கள் வாய்க்குள் கதைப்பதுபோல இருக்கும். அதனால்தான் நீங்கள் ட்ரெபிளைக் கூட்டினீர்கள். உங்களுக்குச் சரியாக வரும்வரை கூட்ட, மற்றவர்களுக்கு அது கத்தியாகிவிட்டது. மிக்சர் நல்லதா கூடாதா என்று அவ்வளவு பேர் சண்டை பிடித்தார்கள். சாமான் நீங்கள் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது. அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் ரயில் வந்த இடத்தை வாசித்துவிட்டு நான் கூடத்துக்கு வெளியே போய்ப் படியில் இருந்துவிட்டேன். மச்சாளின் கை எப்படி? இனிச் சோதித்து முடியும்வரை மோட்டார் சைக்கிளைத் தொடவேண்டாம்.

யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்கு உடனே போங்கள். நாளைக்கே. எனக்குச் சத்தம் தெரியும், காது தெரியாது. என் படிப்பு இந்த இடத்தோடு முடிகிறது. இனி டொக்டர்தான்.

ஒன்று கேட்கவேண்டும். விசில் இரண்டு காதிலும் ஒரே மாதிரியா? அல்லது ஒரு பக்கம் கூடவா? அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நான் வரட்டுமா?

ஜெனிற்றா


குருநகர்,
2024 ஒக்ரோபர் 4

ஜெனிற்றா,

நீ ஏன் கேட்டாய் என்று இப்போது விளங்கிவிட்டது.

டொக்டர் ஞானாம்பிகை என்று ஒருவர். ஆறுதலாக, முகத்தை நேராகப் பார்த்துக் கதைத்தார். சொல் விளங்காத இடத்தில் திரும்பச் சொன்னார். ஒரு சின்னப் பெட்டிபோன்ற அறைக்குள் இருத்திக் கதவைச் சாத்தினார்கள். வெளிச்சத்தம் ஒன்றும் இல்லாத அறை. அதற்குள் என் விசில் பெருநாள் மணிபோல அடித்தது. சோதனை முடிந்ததும் ஒரு தாளில் கோடு கீறிக் காட்டினார். வலது காதுக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. இடதுகாதுக் கோடு கிணற்றுக்குள் விழுந்த வாளிபோல ஒரேயடியாகப் போகிறது.

"ரெண்டும் ஒரே அளவா விழுந்திருந்தால், சத்தத்தாலை வந்தது எண்டு சொல்லி அனுப்பியிருப்பன்" என்றார் டொக்டர். "ஒரு பக்கம் இவ்வளவு கூட இருக்கிறபடியால் ஸ்கான் எடுக்கவேணும். காதிலையிருந்து மூளைக்குப் போற நரம்பிலை ஏதும் கட்டி இருக்கோ எண்டு பாக்கத்தான். இருக்கும் எண்டு சொல்லேல்லை, லெனாட். பாக்கவேணும் எண்டு சொல்லுறன்."

ஸ்கானுக்கு இந்த மாதக் கடைசியில்தான் நாள் கிடைத்தது.

கட்டி என்ற சொல் மட்டும் எனக்கு வடிவாகக் கேட்டது. மற்ற எல்லாம் மங்கல், அது மட்டும் தெளிவு. திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில் எல்லோர் வாயும் அசைகிறது, எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் போல இருந்தது. இரவில் இடது காதைத் தலையணையில் அமத்திப் படுக்கிறேன். விசில் கூடுகிறது. கட்டி வளர்கிறதோ என்று எழும்பி இருக்கிறேன். கண்ணாடியில் முகம் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்க்கிறேன். றொசாந்தி கண்டுவிட்டு, விளக்கை நூர்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். இருட்டில் அவள் ஏதோ சொல்கிறாள். வாயைப் பார்க்க முடியாததால் எனக்கு விளங்குவதில்லை. விளங்கினமாதிரி ம் கொட்டுகிறேன்.

நீ வராதே. நீ வந்தால் அது பெரிய நோய் வருத்தம் என்று ஆகிவிடும்.

லெனாட்


வெள்ளவத்தை,
2024 ஒக்ரோபர் 8

அண்ணை,

வரவேண்டாம் என்கிறீர்கள், சரி. ஆனால் தனியே போகவிடமாட்டேன். மச்சாளிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை.

இணையத்தில் தேடாதீர்கள். நான் தேடிவிட்டேன். தேடினதால் எனக்கு வந்த பயம் இரண்டு பேருக்கும் போதும். அப்படிக் கட்டி இருந்தாலும் அநேகமாக அது பரவாத கட்டியாம், மெல்ல மெல்ல வளர்வதாம், வைத்தியம் இருக்கிறதாம். இதையும் அங்கேதான் வாசித்தேன். இதையும் நம்புங்கள்.

ஸ்கான் மெசின் பெரிய சத்தம் போடும். காதுக்குப் பஞ்சும் மூடியும் தருவார்கள். கட்டாயம் கேட்டு வாங்கிப் போடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருங்கள்.

இங்கே ஒரு வேலையும் ஓடுகிறதில்லை. நேற்று ஒரு பாட்டை அழித்துவிட்டேன். பாடினவர் நல்ல மனிதர், திரும்ப வந்து பாடினார்.

ஜெனிற்றா


குருநகர்,
2024 ஒக்ரோபர் 30

ஜெனிற்றா,

கட்டி இல்லை.

போனில் றொசாந்தி உனக்குச் சொல்லியிருப்பாள். ஆனாலும் என் கையால் எழுதவேண்டும்போல இருந்தது. கட்டி இல்லை.

ஸ்கானுக்குப் போன அன்று காலை படலையைத் திறந்தால் சுபாஸ் நிற்கிறான். கொடிகாமத்திலிருந்து முதல் பஸ்சில் வந்திருக்கிறான். இது யாருடைய வேலை என்று எனக்குத் தெரியும். அவன் முச்சக்கரவண்டியில் பக்கத்தில் ஏறி இருந்தான்.

அந்தக் குழாய்க்குள் தள்ளினபோது கை அசைக்க இடமில்லை. சவப்பெட்டிக்குள் கிடக்கிற மாதிரி. மெசின் தடதடவென்று அடித்தது. பயத்தில் மாதாவே என்று செபிக்கத் தொடங்கினால் செபம் மறந்துபோயிற்று. வெளியே வந்தபோது உடுப்பெல்லாம் வியர்வை. சுபாஸ் சோடாப் போத்தலோடு நின்றான். வாங்கில் இருந்தோம்.

"சுபாஸ், நான் உன்னைக் கள்ளன் எண்டு சொன்னனான்."

"ஓம் அத்தான், சொன்னனீங்கள்."

"ஸ்பீக்கரிலை ஒண்டுமில்லை. ஜெனிற்றா அளந்து காட்டிட்டாள்."

"எனக்குத் தெரியும்."

"உனக்கு விசில் கேக்கேல்லை எண்டது உண்மைதான். பிறகு ஏன்ரா அண்டைக்கு முகத்தைப் பாக்காமல் சொன்னனி?"

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பி, வாய் தெரிகிற மாதிரி, ஆறுதலாகச் சொன்னான். "உங்களுக்குக் காது குறையுது எண்டு எனக்கு முந்தியே விளங்கிட்டுது அத்தான். ரெண்டு மூண்டு தரம் சொன்னனான். உங்களுக்குக் கேக்கேல்லை."

சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிவு வந்த அன்று டொக்டர் ஞானாம்பிகை கேட்டார், "மிக்சருக்கு நிக்கேக்கை ஸ்பீக்கர் உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்?" யோசித்துப் பார்த்தேன். எங்கள் கோயிலில் மிக்சர் மேசை எப்போதும் ஒரே இடம்தான். ஸ்பீக்கர் அடுக்கு இடது பக்கம். அதற்குப் பக்கத்தில் ஜெனரேற்றர். தலையை ஆட்டினார். போனது திரும்பி வராதாம். இருக்கிறதைக் காப்பாற்றவேண்டுமாம். விசிலும் போகாது, பழகிவிடும் என்றார். இரண்டு காதுக்கும் கருவி வைக்க அளவெடுத்திருக்கிறார்கள்.

நேற்று நவநாள் பூசைக்கு மிக்சரில் சுபாஸ் நின்றான். நான் பின் வாங்கில் போனைப் பிடித்துக்கொண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு நேராக இருந்தது. எனக்கென்றால் சத்தம் மந்தமாகத்தான் இருந்தது. எழும்பிப் போய்த் திருகவேண்டும் என்று கை துடித்தது. போகவில்லை. பூசை முடிந்து சுவாமி வந்து, "இண்டைக்கு நல்லாயிருந்தது, லெனாட்" என்றார். என்னைத்தான் சொன்னார். நான் சுபாசைக் காட்டினேன். என் காது போய்விட்டது என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

பயம் போகவில்லை. கட்டி என்ற பயம் போனது. மிச்சமும் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. றொசாந்தியின் குரல் முற்றாகக் கேட்காத ஒரு நாள் வருமோ என்று.

நீ எழுதியிராவிட்டால் நான் சுபாசைக் கள்ளனாகவே வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கடவையில் றொசாந்தியையும் கொண்டு போயிருப்பேன்.

அண்ணை


வெள்ளவத்தை,
2024 நவம்பர் 3

அண்ணை,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சந்தோசத்தில் அழுதேன். அதை எழுதிவிட்டு இங்கேயே நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை.

முந்தநாள் ஒரு பாட்டை முடித்துக் கீர்த்திகாவிடம் கொடுத்தேன். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள், "அக்கா, கோவிக்காதேங்கோ. மேல் சத்தம் கொஞ்சம் கூர்மையா இருக்கு. இப்ப கொஞ்ச நாளா எல்லாப் பாட்டும் அப்பிடித்தான் இருக்கு."

திரையில் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். வலது பக்கம் எழும்பியிருந்தது. மதில் அளவுக்கு இல்லை. ஆனால் எழும்பியிருந்தது. அதை எழுப்பினது என் கை.

பதினெட்டு வருடமாகக் காதில் ஹெட்போனோடு இருக்கிறேன். உங்களுக்கு அவ்வளவு விளக்கம் எழுதினவள், ஒருநாளும் என் காதைச் சோதித்ததில்லை. அந்தச் சுரங்களைப் போட்டு ஒருதரம் கேட்டால் தெரிந்துவிடும். விரல் போகிறதில்லை. இரவில் அறைக்குள் மின்விசிறியை நிறுத்திவிட்டு, விசில் கேட்கிறதா என்று காத்துக்கொண்டு கிடக்கிறேன். கேட்பதுபோலவும் இருக்கிறது, கேட்காததுபோலவும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இங்கே ஒரு டொக்டரிடம் நாள் எடுத்திருக்கிறேன். இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. போவேனோ தெரியாது.

பயமாக இருக்கிறது, அண்ணை.

ஜெனிற்றா


கொழும்பு பஸ்சுக்குள்,
2024 நவம்பர் 7, வியாழன் இரவு

ஜெனிற்றா,

இதைத் தபாலில் போடவில்லை. போட்டால் வெள்ளிக்கிழமைக்கு முதல் வராது. என் கையிலேயே கொண்டு வருகிறேன். பஸ் குலுக்குவதால் எழுத்து இப்படித்தான் இருக்கும். றொசாந்தி பக்கத்துச் சீற்றில் நித்திரை. விடியமுதல் உன் வாசலில் நிற்போம். கதவைத் திறந்ததும் நீ கதைக்கத் தொடங்குவாய், எனக்கு ஒன்றும் விளங்காது, கருவி இன்னும் வரவில்லை. அதனால் முதலில் இதை உன் கையில் தந்துவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு, உனக்குத் தெரியாது. நான் அந்த அறைக்குள் இருந்து வந்தவன்.

கதவைச் சாத்திவிட்டுக் கையில் ஒரு பட்டன் தருவார்கள். சத்தம் கேட்டால் அமத்தவேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெட்டை உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போது உன் விரல் பயத்தில் தானாக அமத்தப் பார்க்கும். கேட்டது என்று சொல்லிவிட்டால் காது நல்லது என்றாகிவிடும்போல இருக்கும். நான் இரண்டு தரம் அப்படி அமத்தினேன். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள்.

நீ அமத்தாதே. கேட்டால் மட்டும் அமத்து. கேட்காவிட்டால் சும்மா இரு. அந்த அமைதி எவ்வளவு நேரம் போனாலும் இரு.

நான் கதவுக்கு வெளியில் நிற்பேன்.

அண்ணை